மெம்பரம்மா இன்னும் சாப்பிடவில்லை

அந்தக் கமிட்டிக்கு ஒரு நீளமான பெயர் உண்டு. அதை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் எல்லோரும் கமிட்டி என்றே சொன்னார்கள். காட்டுக்குள் வாழும் பழங்குடி மக்களைத் தொடுகிற எந்தத் திட்டத்தையும் அவர்களைக் கேட்டுத்தான் போட வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ ஒருவர் நல்ல மனதோடு உத்தரவு போட்டுவிட்டார். போட்டவர் மாற்றலாகிப் போய்விட்டார், உத்தரவு மட்டும் தங்கிவிட்டது. அதனால் பெரிய மேஜையைச் சுற்றி அதிகாரிகளுக்கு வரிசையாக மெத்தை நாற்காலிகள் போட்டு, கடைசியில் கதவோரமாகப் பழங்குடி மக்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள்.

அந்த நாற்காலிக்குச் சொந்தக்காரிதான் மெம்பரம்மா. அவளுக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் கமிட்டியில் சேர்ந்த நாள்முதல் ஊரே மெம்பரம்மா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அவள் பெற்ற மகளே கோபம் வரும்போது, "போங்க மெம்பரம்மா" என்று சொல்லும் நிலைமை வந்துவிட்டது. காட்டுக் குடியிருப்பில் ஒரு தையல் மெஷின் வைத்துப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைக்கிறவள். எட்டாவது வரை படித்தவள். வாய்த்துடுக்கு அதற்கு மேலும் படித்திருந்தது.

ஆனால் கமிட்டியில் அந்த வாய்க்கு வேலையே இல்லை. அவள் முன்னால் ஒரு மைக் இருந்தது. அதில் ஒரு சிவப்பு விளக்கும் எரியும். ரொம்ப நாள் கழித்து, கீழே விழுந்த ஊசியைத் தேடிக் குனிந்தபோதுதான் அந்த மைக்கின் ஒயர் எங்கேயும் செருகப்படாமல் மேஜைக்கு அடியில் சுருண்டு கிடப்பதைப் பார்த்தாள். ஒயரை எடுத்துச் செருகலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். அப்புறம், செருகினால் மட்டும் யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

முதல் கூட்டத்துக்கு அவள் தானே தைத்த ரவிக்கையும் நல்ல புடவையுமாகப் போனாள். பார்த்ததும் கமிட்டித் தலைவரான டைரக்டருக்கு முகம் வாடிவிட்டது. "பாரம்பரிய உடை இல்லையாம்மா?" என்றார். இதுதான் நாங்கள் உடுத்துவது என்று சொன்னதை அவர் நம்பவில்லை. அடுத்த முறை, நாடகக் கம்பெனியிலிருந்து வாடகைக்கு எடுத்த இறகுத் தொப்பியும் பாசிமணியும் ஒரு பாவாடையும் தயாராகக் காத்திருந்தன. பாவாடை ஓரம் பிரிந்து தொங்கியது. மெம்பரம்மாவுக்கு அதை உடுத்துவதில் இருந்த வெட்கத்தைவிட அந்தத் தையலைப் பார்த்துத்தான் அதிக வெட்கமாக இருந்தது. ஊசி கேட்டு வாங்கி ஓரத்தை அடித்துக் கொடுத்துவிட்டு, தன் புடவையிலேயே போய் உட்கார்ந்தாள். அன்றைய குறிப்பில் "பழங்குடிப் பிரதிநிதி கைத்தொழில் திறனை வெளிப்படுத்தினார்" என்று எழுதிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே பொறுத்துப்போவாள். பொறுக்க முடியாத ஒன்று இருந்தது. அது கேட்.

குடியிருப்பிலிருந்து நகரத்துக்கு ஒரே ஒரு பாதை. காட்டு விலங்குகளுக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று பாதையின் நடுவில் ஒரு செக்போஸ்ட் கேட் போட்டு, பொழுது சாய்ந்தால் மூடிவிடுவார்கள். விடிந்தால்தான் திறப்பார்கள். விலங்குகளோடு மெம்பரம்மாவுக்கு ஒரு சண்டையும் இல்லை. அவையும் அவளும் பிறந்ததிலிருந்து அதே பாதையில்தான் ஒருவருக்கொருவர் வழிவிட்டுப் போய்வருகிறார்கள். ஆனால் போன வருஷம் அவள் மகளுக்கு இருட்டின பிறகு வலி எடுத்தது. கேட் திறக்கவில்லை. அப்போதிருந்த காவலாளி கெஞ்சலுக்கும் மசியவில்லை, அழுகைக்கும் மசியவில்லை. விடியும் முன்னே ஜீப்பிலேயே பிள்ளை பிறந்து, கேட் திறப்பதற்குள் போயும்விட்டது. அந்தப் பிள்ளைக்கென்று தைத்த சட்டை இன்னும் அவள் பெட்டியின் அடியில் இருக்கிறது. அதை வெளியே எடுக்கவும் முடியவில்லை, யாருக்காவது கொடுக்கவும் மனசு வரவில்லை.

இப்போது மகள் மறுபடி மாசமாக இருந்தாள். ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குக் கேட்டைத் திறக்க வேண்டும். மெம்பரம்மாவுக்கு இந்த உலகத்தில் வேண்டியதெல்லாம் அந்த ஒரு வரிதான்.

புதிய வனக் கொள்கையை முடிவுசெய்யும் கடைசிக் கூட்டம் வந்தது. நிகழ்ச்சி நிரலில் "பிரதிநிதியின் கருத்து" என்று வழக்கம்போல் ஒரு வரி இருந்தது. அதுவும் வழக்கம்போல் மதிய உணவுக்குப் பிறகு. மதிய உணவுக்குப் பிறகு அந்த ஹாலில் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். டைரக்டருக்கு வேறு கூட்டம் இருக்கும். சட்ட அதிகாரியின் கார் கிளம்பிவிடும். பழங்குடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கிய நிபுணர் பல் குத்திக்கொண்டே வந்து, "சொல்லுங்கம்மா, நான் கேட்டுக்கறேன்" என்பார். அந்த நிபுணர் ஒரே ஒரு தடவைதான் குடியிருப்புக்கு வந்திருக்கிறார். மழை பிடித்ததும் திரும்பிப் போனவர்.

தட்டுகள் வந்தன. ஹால் முழுக்க சாப்பாட்டு வாசனை. கேமராக்காரர் ஸ்டாண்டை நகர்த்தி வைத்தார். டைரக்டரும் பிரதிநிதியும் ஒரே மேஜையில் சேர்ந்து சாப்பிடுகிற படம்தான் கொள்கைப் புத்தகத்தின் அட்டைக்கு என்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். அதனால் மெம்பரம்மா அன்றைக்கு முதல்முறையாக மெத்தை நாற்காலிக்கு, டைரக்டர் பக்கத்துக்கே இடம் மாற்றப்பட்டிருந்தாள்.

டைரக்டர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "ம், ஆரம்பிங்கம்மா" என்றார்.

மெம்பரம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பேசிட்டுச் சாப்பிடலாங்க சார்."

"சாப்பிட்டுட்டுப் பேசலாமே. உங்க கருத்துக்குன்னு தனியா நேரம் ஒதுக்கியிருக்கோம்ல?"

"அந்த நேரத்துல நீங்க இருக்க மாட்டீங்களே சார்."

யாரோ இருமினார்கள். டைரக்டர் சிரித்துச் சமாளித்தார். அவள் சாப்பிடாமல் அவர் சாப்பிட முடியாது, படம் வீணாகும். அவர் சாப்பிடாமல் மற்றவர்கள் சாப்பிட முடியாது, வேலைக்கே ஆபத்து. வரிசையாகத் தட்டில் போன கைகள் வரிசையாகத் திரும்பி வந்தன.

"சர்க்கரை இருக்கா உங்களுக்கு? சாதத்தைக் குறைச்சுக்கலாம்" என்றார் டைரக்டர்.

"சர்க்கரையெல்லாம் இல்லைங்க."

"விரதமா?" என்றார் சட்ட அதிகாரி.

நிபுணர் தொண்டையைச் செருமினார். "சார், இது அவங்க சமூகத்துல துக்கத்தோட அடையாளம். என் ஆய்வுல ஒரு அத்தியாயமே இருக்கு. இறந்தவங்களோட ஆவி வந்து முதல்ல..."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க. எனக்கு நல்லாவே பசிக்குது" என்றாள் மெம்பரம்மா. "எங்க ஊர்ல ஒரு விஷயம் பேச உட்கார்ந்தா, அது முடியற வரைக்கும் யாரும் வாயில ஒரு பருக்கை வைக்க மாட்டோம். சாப்பிட்டா ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம். ஒருத்தர் சாப்பிடாம உட்கார்ந்திருந்தாக்கூட பேச்சு இன்னும் முடியலைன்னு அர்த்தம். இத்தனை நாளா இங்கே நான் டீக்கூடக் குடிச்சதில்லையே, நீங்க யாரும் பார்க்கலையா?"

யாரும் பார்க்கவில்லை. அவள் டீயை ஒவ்வொரு கூட்டத்திலும் பக்கத்து நாற்காலிக்காரர் சேர்த்துக் குடித்திருந்தார்.

டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், வறுவலைப் பார்த்தார். "சரி, சொல்லுங்க. என்ன வேணும்?"

அவள் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு ராத்திரியில் கேட் திறக்க வேண்டும், காரணம் கேட்டு நிறுத்தி வைக்கக் கூடாது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகும் அது சுலபமாக இல்லை. விதியில் இடமில்லை என்றார் சட்ட அதிகாரி. துணைக் குழு போடலாம் என்றார் ஒருவர். அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் எல்லோரும் மெம்பரம்மாவின் கையைப் பார்த்தார்கள். கை கட்டியபடியே இருந்தது. ஃபேன் காற்றில் அப்பளங்கள் நமத்துப்போயின. நேரம் போகப் போக, விதியில் இடமிருப்பதாகச் சட்ட அதிகாரிக்கே தோன்ற ஆரம்பித்தது. பசி அவருக்கு அவ்வளவு சட்டம் சொல்லிக்கொடுத்தது.

"சரிம்மா, திறந்துடலாம்" என்றார் டைரக்டர். "எழுதிக்கோப்பா" என்று எழுத்தரைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க ஊர்ல எல்லாரும் ஒவ்வொருத்தரா வாய்விட்டுச் சொல்வாங்க சார்."

அரசாங்க வரலாற்றில் அப்படி ஒன்று நடந்திருக்குமா தெரியவில்லை. மேஜையைச் சுற்றி ஒவ்வொருவராக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆஜர் சொல்வதுபோல், "திறக்கும்", "திறக்கும்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். நிபுணர் மட்டும், "கொள்கை அளவில் திறக்கும்" என்றார். மெம்பரம்மா அவரையே பார்த்தாள். பக்கத்திலிருந்து டைரக்டரும் பார்த்தார். "திறக்கும்" என்றார் நிபுணர்.

மெம்பரம்மா சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். பளிச்சென்று படம் பிடித்தார்கள்.

குடியிருப்புக்குத் திரும்பியதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." அதற்கு மேல் யாரும் ஒரு விவரமும் கேட்கவில்லை. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நாளுக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். மெம்பரம்மா அன்றைக்கே புதுத் துணி எடுத்துச் சின்னதாக ஒரு சட்டை வெட்டினாள்.

கொள்கைப் புத்தகம் வழவழப்பான தாளில் அச்சாகி, கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. அட்டையில் அவள். ஒரு கன்னம் உப்பியிருக்க, கையில் அடுத்த கவளத்தோடு. பக்கத்தில் டைரக்டர் அவளைப் பார்த்துத் தாயைப் பார்ப்பதுபோல் புன்னகைத்துக்கொண்டிருந்தார். மகள்தான் உள்ளே இருந்ததைத் தேடிப் படித்தாள். "மருத்துவத் தேவைகளுக்காக, உரிய அலுவலகத்தில் அலுவலக நேரத்தில் முன்அனுமதி பெற்றவர்களுக்கு, குறிப்பிட்ட ஒரு நாளில் மட்டும், கேட் இரவில் திறக்கப்படலாம்."

படித்துவிட்டு அவள் புத்தகத்தை மூடினாள். மறுபடி அட்டைதான் மேலே வந்தது. எல்லோரும் அட்டையையே பார்த்தார்கள்.

யாராவது திட்டியிருந்தால் மெம்பரம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சித்தப்பா மட்டும் மெதுவாகக் கேட்டார். "சாப்பிட்டுட்டியேம்மா. இனி எதைப் பேசறது?"

"அவங்க சொன்னாங்க சித்தப்பா. ஒவ்வொருத்தரா வாய்விட்டுச் சொன்னாங்க."

"அவங்களும் சாப்பிட்டாங்களா?"

"என்னைவிட அதிகமா."

சித்தப்பாவுக்கு அது பிடிபடவே இல்லை. சாப்பிட்ட பிறகு ஒருவர் பேச்சை மாற்ற முடியும் என்று அந்தக் குடியிருப்பில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மெம்பரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் எல்லாக் கூட்டத்திலும் சாப்பிடுகிறவர்கள். எதுவும் முடியாத கூட்டத்திலும் சாப்பிடுகிறவர்கள். அவர்களுடைய சோற்றைத் தன் சோறு என்று நினைத்துவிட்டாள். அவமானத்தில் அவளுக்கு உடம்பே கூசியது.

ஆபீசுக்கு போன் போட்டாள். எழுத்தர்தான் எடுத்தார். "உங்க கோரிக்கையைச் சேர்த்தாச்சேம்மா. முன்அனுமதின்னு ஒரே ஒரு வார்த்தைதான் கூட."

"வலி முன்கூட்டியே மனு போட்டுட்டு வருமா தம்பி?"

"டாக்டர் தேதி சொல்லியிருப்பாருல்ல? அந்தத் தேதிக்குப் போட்டு வச்சுடுங்க."

ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு அவள் மனுப் போட்டாள். நடையாய் நடந்து அனுமதியும் வாங்கினாள். முத்திரை குத்திய அந்தத் தாளை மகளின் தலைமாட்டில் வைத்துவிட்டு, தேதியை எண்ணிக்கொண்டிருந்தாள். வயிற்றில் இருந்த பிள்ளை மட்டும் எண்ணவில்லை. சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே, பொழுது சாய்கிற நேரம் பார்த்து, வலி எடுத்துவிட்டது.

மருமகன் ஜீப்பை விரட்டினான். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. ஆனால் கேட்டை இறக்கிப் பூட்டியிருந்தார்கள். கேட் என்று பெரிதாகச் சொன்னாலும், அது ஒரு நீண்ட மரக்கம்பு. ஒரு முனையில் சங்கிலி, பூட்டு.

புதிதாக வந்த காவலாளி சின்ன வயசுக்காரன். மெம்பரம்மாவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. செக்போஸ்ட் சுவரில் அந்த அட்டையை ஒட்டி வைத்திருந்தார்கள். "நீங்கதானா அது! வணக்கம்மா, வணக்கம்" என்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். தாளை வாங்கி டார்ச் அடித்துப் பார்த்தான். முகம் தொங்கிப்போயிற்று. "இது அடுத்த வாரத்துக்குங்கம்மா."

"பிள்ளைக்கு அது தெரியலையே தம்பி."

உள்ளே மகள் முனகினாள். அந்தச் சத்தம் போன வருஷத்துச் சத்தம்.

"எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குங்கம்மா" என்றான் காவலாளி. அவனுக்கே கண் கலங்கியது. "சாவி என்கிட்ட கிடையாது. பொழுது சாஞ்சதும் ரேஞ்சர் ஆபீஸ்ல இருந்து வந்து வாங்கிட்டுப் போயிடுவாங்க. இருங்க, டைரக்டருக்கே போன் போடறேன். அவருக்கு உங்களைத் தெரியுமே."

போட்டான். எடுத்தது எழுத்தர். ஸ்பீக்கரில் பின்னால் ஒரே கலகலப்பு, தட்டுச் சத்தம். மக்கள் பங்கேற்போடு தயாரான சிறந்த கொள்கை என்று அந்தப் புத்தகத்துக்கு விருது கிடைத்திருக்கிறதாம், அதற்கு விருந்து நடக்கிறதாம்.

"அவசரங்க சார், பிரசவம்" என்றான் காவலாளி.

"சார் இப்பதான் சாப்பிட உட்கார்ந்தாரு. சாப்பிட்டு முடிச்சதும் சொல்றேன், வைங்க."

போனில் சத்தம் அடங்கியது. மெம்பரம்மா போய் அந்த மரக்கம்பைத் தட்டிப் பார்த்தாள். அவளுக்கு விசித்திரமாக ஒரு நிம்மதி வந்தது. "சாப்பிடறாரா? அப்போ பேச்சு முடிஞ்சுது" என்றாள்.

பிறகு காவலாளியிடம் திரும்பினாள். "நீ சாப்பிட்டியா தம்பி?"

"இல்லைங்கம்மா. டப்பா உள்ளே இருக்கு."

"போய்ச் சாப்பிடு."

அவன் அவளைப் பார்த்தான். ஜீப்பைப் பார்த்தான். என்ஜின் அணையாமல் உறுமிக்கொண்டிருந்ததைப் பார்த்தான். அவர்கள் ஊர் வழக்கம் அவனுக்குத் தெரியாது. ஆனாலும் அறைக்குள் போய், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, ஒரு வாய் எடுத்து வைத்தான். அந்த அரசாங்கத்தில் மனசார ஒத்துக்கொண்டு சாப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

மெம்பரம்மா ஜீப்பில் ஏறினாள். "ஓட்டுங்க மாப்ள."

"அத்தை, கம்பு..."

"ஓட்டுங்க."

பேத்தி ஆஸ்பத்திரியில், வெளிச்சத்தில், நர்சுகள் நடுவே பிறந்தாள். பிறந்ததும் அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வார்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மெம்பரம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு அழுதாள், போன வருஷத்துக்கும் சேர்த்து.

ஒடிந்த கம்பைப் பற்றிக் காட்டு விலங்கு மோதியதாகக் காவலாளி அறிக்கை எழுதினான். டைரக்டர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அட்டைப்படத்தில் இருக்கிற அம்மாவே கேட்டை உடைத்துக்கொண்டு போனார் என்று எழுதினால் விருதைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வருமே. பதிலுக்கு, எந்த விலங்காலும் உடைக்க முடியாத இரும்புக் கேட் ஒன்றை அமைப்பது குறித்து விவாதிக்க கமிட்டி கூடுகிறது என்று அழைப்பு வந்தது. கடைசி வரியில் "மதிய உணவு உண்டு" என்று போட்டிருந்தது.

இந்தத் தடவை மெம்பரம்மா தனியாகப் போகவில்லை. குடியிருப்பே கிளம்பிப் போயிற்று. சித்தப்பா போனார், பச்சைப் பிள்ளையை ஏந்தி மகள் போனாள், எல்லோரும் போனார்கள். கதவோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் சித்தப்பாவை உட்கார வைத்துவிட்டு, மீதிப் பேர் தரையிலும் வராந்தாவிலும் மாடிப்படியிலுமாக உட்கார்ந்துகொண்டார்கள்.

டைரக்டர் திணறிப்போனார். "எதுக்கும்மா இத்தனை பேர்? ஒரு பிரதிநிதி போதுமே."

"போன தடவை ஒருத்தியா வந்தேன் சார், சுலபமா ஏமாந்துட்டேன். இத்தனை பேரை ஏமாத்தறதுக்கு உங்களுக்குக் கொஞ்சம் நேரமாகும்ல?"

நிபுணர் வாயைத் திறந்தார். சித்தப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். நிபுணர் வாயை மூடிக்கொண்டார்.

"முன்அனுமதியெல்லாம் எடுத்துட்டு, அந்த ஒரு வரியை எழுதுங்க" என்றாள் மெம்பரம்மா. "எழுதினதை எங்க பொண்ணு படிப்பா. அப்புறம் நாம எல்லாரும் கேட்டுக்குப் போவோம். பொழுது சாஞ்சதும் நீங்களே உங்க கையால திறந்து காட்டுங்க சார். அங்கேயே உட்கார்ந்து எல்லாரும் சாப்பிடலாம்."

பொட்டலங்கள் வந்து மேஜைமேல் அடுக்கப்பட்டன. எழுத்தர் ஒவ்வொருவர் முன்னாலும் ஒன்றை வைத்துக்கொண்டே போனார். அதிகாரிகளுடைய கைகள் நீண்டன. தரையில், வராந்தாவில், படியில் இருந்த அத்தனை கைகளும் கட்டியபடியே இருப்பதைப் பார்த்துவிட்டு, நீண்ட கைகள் திரும்பி வந்தன. மெம்பரம்மா மேஜைக்கு அடியில் குனிந்து மைக் ஒயரைத் தேடி எடுத்துச் செருகினாள்.

பேத்தி மட்டும் அம்மா மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் எதற்கும் ஒத்துக்கொள்ளும் வயதுக்கு வரவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. காட்டிலிருந்து வந்த யாருக்கும் அவசரமில்லை.